வைபை முழுசாக் காட்டுது, ஒரு பக்கமும் திறக்குதில்லை

"மாமா, வைபை முழுசாக் காட்டுது, ஆனா ஒண்டும் திறக்குதில்லை."

பாலையூற்றில் இருக்கிற அக்கா வீட்டிலிருந்து மருமகன் போன் எடுத்தது, மாரி மழை விடாமல் கொட்டிய ஒரு பின்னேரம். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துகிறான், கடந்தகால வினாத்தாள்கள் சிலதை இறக்கவேண்டுமாம். நான் குடையோடு போய்ச் சேர்வதற்குள் கணினியை மூன்று தரம் நிறுத்திப் போட்டிருந்தான், குரோமை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றப் பார்த்திருந்தான் (அழிக்க முடிந்தது, ஏற்றுவதற்குத்தான் இணையம் வேண்டுமே), கடைசியாக ஒரு குண்டூசியோடு ரவுட்டரின் பின்பக்கம் இருக்கிற அந்தச் சின்னத் துளையைத் தேடிக்கொண்டு நின்றான். வாசலில் நின்றே கத்தினேன், குத்தாதே என்று. அந்தத் துளை ரவுட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்த நாளுக்குக் கொண்டுபோய்விடும். நிறுவனத்து ஆள் வந்து போட்டுத் தந்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் சில ரவுட்டர்களில் அதோடு அழிந்துபோகும், பிறகு இருந்த கொஞ்ச நஞ்சமும் இல்லை.

அக்கா மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். மழைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பார்த்தேன், ஏன் அந்த வரிசையில் பார்த்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினி படித்தவர்களுக்கு இது தேவையில்லை. வீட்டில் ஒரு கணினி, ஒரு ரவுட்டர், பக்கத்தில் உதவிக்கு ஆள் இல்லை என்பவர்களுக்கு.

முதலில், ‘இணைக்கப்பட்டுள்ளது’ என்று கணினி சொல்வதன் அர்த்தம். அது சொல்வது உங்கள் வீட்டு ரவுட்டரோடு பேச்சுவார்த்தை இருக்கிறது என்பதை மட்டும். வைபை அடையாளத்தில் எத்தனை வளைவு தெரிகிறது என்பது, ரவுட்டரின் சைகை உங்கள் மேசைக்கு எவ்வளவு பலமாக வருகிறது என்ற கணக்கு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினையுங்கள். குசினிக் குழாய் மேல்தொட்டியோடு பொருத்தியிருக்கிறது, பூட்டு இறுக்கமாக இருக்கிறது, ஒழுக்கு இல்லை. சரி, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? தெருவிலிருந்து தொட்டிக்கு ஏறுகிறதா? குழாயைப் பார்த்து அதைச் சொல்ல ஏலாது.

உங்கள் மேசையிலிருந்து ஒரு இணையதளம் வரை இருக்கிற பாதை நீளமானது. கணினியிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து தெருக் கம்பி அல்லது ஃபைபர், அங்கிருந்து நிறுவனத்தின் வலையமைப்பு, பிறகு பெரும்பாலும் கடலுக்கடியில் கிடக்கிற கேபிள் (மாத்தறையில் கரையேறுகிற சீ-மீ-வீ 5 அவற்றில் ஒன்று), அதற்கும் அப்பால் எங்கோ ஒரு நாட்டில் அந்தத் தளத்தை வைத்திருக்கிற கணினி. இதற்கிடையில் பெயரை முகவரியாக மாற்றுகிற வேலை ஒன்றும் நடக்கவேண்டும், அதுதான் பலருக்குத் தெரியாத படி, அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். இத்தனையில் எந்த ஒரு கண்ணி அறுந்தாலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே காட்சிதான்: பக்கம் திறக்கவில்லை. அதனால்தான் ஆட்கள் கைக்கு வந்ததையெல்லாம் செய்கிறார்கள். பக்கத்திலிருந்து தூரத்துக்கு, ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனால் அறுந்த இடம் தானாக அகப்படும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஐந்தை ஒரேயடியாக மாற்றினால், சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்று தெரியாது, அடுத்த மாதம் திரும்பவும் குண்டூசியோடு நிற்பீர்கள்.

கணினியில் கை வைக்க முதல் ஒரு கேள்வி: இந்தக் கணினிக்கு மட்டுமா, வீட்டில் எல்லாவற்றுக்கும் இப்படியா? போனை எடுத்து அதே வைபையில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. போனில் மொபைல் டேட்டா போட்டிருந்தால், வைபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். நீங்கள் ‘போனில் வேலை செய்யுது, கணினிதான் பழுது’ என்று முடிவுகட்டி இரண்டு மணித்தியாலம் கணினியோடு மல்லுக்கட்டுவீர்கள். டேட்டாவை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நான் இந்தப் பொறியில் ஒரு தரம் விழுந்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா, எல்லாமுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பரீட்சைப் பெறுபேறு வருகிற நாளில் ஒரு தளம் திறக்காவிட்டால் அதற்குக் காரணம் உங்கள் வீடு இல்லை, நாடு முழுக்க ஒரே கதவைத் தட்டுகிறது. சம்பந்தமில்லாத மூன்று நான்கு தளங்களைத் திறந்து பார்த்து, எல்லாம் சுற்றிக்கொண்டு நின்றால் மட்டும் மேலே வாசியுங்கள்.

எந்தச் சாதனத்திலும் இணையம் இல்லை என்றால் ரவுட்டர் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் வீடுகளில் ‘பொன்’ என்று ஒரு விளக்கு இருக்கும் (தங்கம் இல்லை, பி, ஓ, என் என்ற ஆங்கிலச் சுருக்கம்), அது பச்சையாக நிலைத்து எரியவேண்டும். ‘லாஸ்’ (எல், ஓ, எஸ்) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது மின்னினால் வெளியிலிருந்து வெளிச்சமே வரவில்லை, ஃபைபர் எங்கோ முறிந்தோ கழன்றோ இருக்கிறது. நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, நிறுவனத்துக்குச் சொல்லவேண்டியதுதான். பழைய செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்பில் இப்படிப் பிழை என்றால் ‘டிஎஸ்எல்’ விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், நிலைக்காது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றுப் படுகிற வீடுகளில் கம்பி மூட்டுகள் பச்சை பிடித்துப் போகும், மழை ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இந்த இடத்தில் மட்டும் அக்காவின் மழைத் திட்டு நியாயமானது. விளக்குகள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் ஒரு சாதனத்திலும் இணையம் இல்லையென்றால் ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்து, திரும்பப் போட்டு, மூன்று நிமிடமாவது தொடாமல் இருங்கள். அது எழும்பி, நிறுவனத்தோடு கைகுலுக்கி, முகவரி வாங்க அந்த நேரம் தேவை. பொறுமை இல்லாமல் ஒரு நிமிடத்தில் மறுபடி நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டேட்டாப் பொதி முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். சில பொதிகளில் முடிந்ததும் வெட்டமாட்டார்கள், வேகத்தை நூலளவுக்குக் குறைத்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும், வரும். படமும் விளம்பரமும் நிறைந்த இணையப் பக்கம் அந்த நூலில் இறங்கி முடியாது, பாதியில் குரோம் கைவிட்டுவிடும்.

அக்கா வீட்டில் போனில், டேட்டா நிறுத்திய பிறகும், எல்லாம் திறந்தது. ஆகவே ரவுட்டரையும் தெருவையும் கடலையும் விட்டுவிட்டுக் கணினிக்கு வரலாம் என்று தெரிந்தது. இந்த ஒரு சோதனையிலேயே பாதி உலகம் கழிந்துவிடுகிறது.

விண்டோஸ் கணினியில் கறுப்புத் திரை ஒன்று இருக்கிறது, கமாண்ட் ப்ராம்ப்ட் என்பார்கள். தேடல் பெட்டியில் சி, எம், டி என்று மூன்று ஆங்கில எழுத்து அடித்து என்டர் தட்டினால் வரும். பயப்பட வேண்டாம், இப்போது நாம் கேட்கப்போவது கேள்விகள் மட்டும், அவை எதையும் மாற்றாது. முதல் கேள்வி ‘ஐபிகான்ஃபிக்’. அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டினால் கொஞ்ச வரிகள் ஓடும். அதில் ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ற வரியையும் ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரியையும் தேடுங்கள். முதலாவது ரவுட்டர் உங்கள் கணினிக்குக் கொடுத்த இலக்கம், இரண்டாவது ரவுட்டரின் சொந்த இலக்கம். வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அப்படி இல்லாமல் 169.254 என்று தொடங்கினால் பிழை அங்கேயே இருக்கிறது. ரவுட்டரிடம் இலக்கம் கேட்டுப் பதில் வராததால் கணினி தனக்குத்தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது, அந்த இலக்கத்தோடு வெளியே போக முடியாது. வைபையைத் துண்டித்து, ‘ஃபர்கெட்’ கொடுத்து, கடவுச்சொல்லோடு திரும்ப இணைத்தால் அனேகமாகச் சரிவரும்.

இலக்கம் ஒழுங்காக இருந்தால் அடுத்தது ‘பிங்’. பி, ஐ, என், ஜி. ஒரு இடைவெளி விட்டு, இப்போது பார்த்த கேட்வே இலக்கத்தை அடியுங்கள், உதாரணமாக பிங் 192.168.1.1. இது ரவுட்டரைப் பார்த்து நான்கு முறை ‘இருக்கிறாயா?’ என்று கூப்பிடுகிறது. ‘ரிப்ளை ஃப்ரம்’ என்று நான்கு வரி வந்தால் ரவுட்டர் வரை பாதை சுத்தம். பிறகு பிங் 8.8.8.8. இது கூகுள் 2009 டிசம்பரில் பொதுப் பாவனைக்குத் திறந்துவிட்ட ஒரு சேவையின் இலக்கம், நினைவில் வைக்கச் சுகமானது என்பதால் உலகம் முழுக்க எல்லாரும் இதையே கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். இங்கேயிருந்தும் நான்கு பதில் வந்தால், உங்கள் கணினி நாட்டுக்கு வெளியே உள்ள உலகத்தை எட்டுகிறது. இணையம் இருக்கிறது. உண்மையாகவே இருக்கிறது. கடைசியாக அதே பிங்கை இலக்கம் இல்லாமல் ஒரு பெயருக்குக் கொடுங்கள், கூகுள் டாட் காம் போதும்.

மருமகனின் கணினியில் 8.8.8.8 நான்கு முறையும் பதில் சொன்னது. கூகுள் டாட் காம் என்றதும் ‘குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்’, அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கு வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம், ஏனென்றால் ‘இணைப்பு இருக்கு, பக்கம் இல்லை’ என்று வருகிற முறைப்பாடுகளில் நான் அதிகம் கண்டது இதைத்தான். உவர்மலைக்குப் போகவேண்டும் என்றால் திருகோணமலையில் எந்த ஓட்டோக்காரரும் அடுத்த கேள்வி கேட்காமல் ஓட்டுவார். ஓர்ஸ் ஹில் என்று சொன்னாலும் அதே இடத்துக்குத்தான் போவார். வெளியூரிலிருந்து முதல் தரம் வந்து பஸ் நிலையத்தில் இறங்கியவருக்கு இந்த இரண்டு பெயரும் ஒரே மேடு என்று தெரியாது, அது எந்தப் பக்கம் என்பதும் தெரியாது. சொந்த வண்டி இருக்கலாம், எண்ணெய் நிறைய இருக்கலாம், வீதியும் நல்லாக இருக்கலாம். வழி சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவர் பஸ் நிலையத்திலேயே நிற்பார். கணினி எப்போதும் அந்த வெளியூர்க்காரர். அதற்குப் பெயர்கள் விளங்காது, இலக்கங்கள்தான் விளங்கும். நீங்கள் பெயரை அடித்ததும் அது ஓடிப்போய் ஒருவரிடம், இந்தப் பெயருக்கு என்ன இலக்கம் என்று கேட்கிறது. அந்த விசாரிக்கிற ஏற்பாட்டுக்குப் பெயர்தான் டிஎன்எஸ்.

இணையத்தின் தொடக்க காலத்தில் இது ஒரே ஒரு கோப்பாக இருந்தது. கலிபோர்னியாவில் ஒரு ஆய்வு நிலையத்தில் அதை வைத்திருந்தார்கள், யார் புதுக் கணினி சேர்த்தாலும் அங்கே சொல்லிப் பதிவார்கள், மற்றவர்கள் அவ்வப்போது அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கிராமத்தில் ஒருவர் எல்லாருடைய வீட்டு விலாசமும் எழுதிய கொப்பி வைத்திருப்பது போல. கணினிகள் பெருக, கொப்பி தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டிஎன்எஸ்ஸை வகுத்தார். ஒரே ஆள் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்கத் தேவையில்லை, ‘எனக்குத் தெரியாது, ஆனால் யாருக்குத் தெரியும் என்று தெரியும்’ என்று சொல்கிறவர்கள் வரிசையாக இருந்தால் போதும் என்பதுதான் அதன் கெட்டித்தனம். நூலகம் டாட் ஓஆர்ஜி என்று நீங்கள் அடித்தால், உங்களுக்காக விசாரிக்கிற சேவையகம் (பதில் சொல்லவென்றே எங்கோ ஓடிக்கொண்டிருக்கிற கணினி) முதலில் உச்சியில் இருக்கிற வேர்ச் சேவையகங்களில் ஒன்றைக் கேட்கும். அவற்றுக்கு ஆங்கிலத்தில் ஏ முதல் எம் வரை 13 பெயர்கள், பிரதிகள் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல். வேர் சொல்லும், டாட் ஓஆர்ஜி விஷயம் அவர்களிடம் கேள் என்று. அவர்கள் சொல்வார்கள், நூலகத்தின் விஷயம் இன்னாரிடம் கேள் என்று. அந்த இன்னார்தான் இலக்கத்தைச் சொல்வார். இவ்வளவும் கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் நடந்துவிடும், விடையைக் கொஞ்ச நேரத்துக்கு நினைவிலும் வைத்துக்கொள்வார்கள். நம்முடைய டாட் எல்கேயும், 2010இல் வந்த தமிழெழுத்து டாட் இலங்கையும் இதே ஏணியில் தொங்குகிறவைதான்.

பெரிய இடங்களுக்கும் இது நடக்கும். 2021 அக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் காணாமல் போனது நினைவிருக்கும். பேஸ்புக்கின் உள்ளே நடந்த ஒரு பராமரிப்பு வேலை பிழைத்து, அவர்களுடைய பெயர் சொல்கிற சேவையகங்களுக்குப் போகிற பாதை அறிவிப்பே இணையத்திலிருந்து விலகிப்போனது. பிரதான பாதையும் உள்ளே அறுந்துதான் இருந்தது, ஆனால் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு முதலில் தெரிந்தது பெயர் காணாமல் போனதுதான். அன்றிரவு என்னுடைய தெருவில் எத்தனை ரவுட்டர்கள் நிறுத்திப் போடப்பட்டனவோ.

சரி, மருமகனின் கதைக்கு வருவோம். விசாரிக்கிற ஆள் யார் என்பதை வழமையாக ரவுட்டரே கணினிக்குச் சொல்லிவிடும், நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இவனோ விளையாட்டு வேகமாக ஓடும் என்று ஒரு வீடியோவில் சொன்னதைக் கேட்டு, ஏதோ ஒரு இலக்கத்தைக் கையால் போட்டிருக்கிறான். அது ஒரு மாதம் வேலை செய்திருக்கிறது. பிறகு அந்தச் சேவையகம் எங்கோ செத்துப்போய்விட்டது. செத்த ஆளிடம் வழி கேட்டுக்கொண்டு கணினி பஸ் நிலையத்தில் நின்றது, அக்கா மழையைத் திட்டினார்.

மாற்றுகிற விதம் இது. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போய், வைபை, அதற்குள் உங்கள் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ். அங்கே ‘டிஎன்எஸ் சேர்வர் அசைன்மென்ட்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘எடிட்’ இருக்கும். விண்டோஸ் 10இல் ‘சேஞ்ச் அடாப்டர் ஆப்ஷன்ஸ்’ போய், வைபையில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், பட்டியலில் ‘இன்டர்நெட் ப்ரோட்டோகால் வேர்ஷன் 4’, மறுபடி ப்ராப்பர்ட்டீஸ். எதையும் மாற்ற முதல் இருப்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். கையால் போட்ட இலக்கம் இருந்தால் அதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கிப் பாருங்கள், மருமகனுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஏற்கனவே ஆட்டோமேட்டிக்கில் இருந்தும் பெயர்கள் அகப்படவில்லை என்றால், ரவுட்டர் அல்லது நிறுவனத்தின் விசாரிப்பு ஆள் படுத்துவிட்டார் என்று அர்த்தம். அப்போது ‘மேனுவல்’ ஆக்கி முதலாவதாக 8.8.8.8, இரண்டாவதாக 1.1.1.1 போடுங்கள். இரண்டாவது, கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018 ஏப்ரல் 1ஆம் திகதி திறந்தது. முட்டாள்கள் தினத்தில் திறந்ததால் பலர் பகிடி என்றுதான் நினைத்தார்கள். இவர்களிடம் கேட்டால் நீங்கள் எந்தெந்தத் தளத்தின் பெயரைக் கேட்கிறீர்கள் என்பது இவர்களுக்குத் தெரியும், இவர்களிடம் கேட்காவிட்டால் உங்கள் நிறுவனத்துக்குத் தெரியும். யாருக்குத் தெரியவேண்டும் என்பது உங்கள் விருப்பம். எனக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை.

மாற்றிய பிறகு கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று அடித்து, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு (/), அதோடு ஒட்டி ஃபிளஷ்டிஎன்எஸ் (எஃப், எல், யூ, எஸ், எச், டி, என், எஸ்) என்று அடித்து என்டர் தட்டுங்கள். கணினி மனதில் வைத்திருக்கிற பழைய, பிழையான விடைகளை அது கழுவிவிடும்.

பெயருக்கு விடுத்த பிங்கும் பதில் சொல்கிறது, ஆனாலும் பக்கம் திறக்கவில்லை என்றால்? பாதை நல்லம், வழி சொல்கிறவரும் நல்லம், வாசலில் யாரோ மறிக்கிறார்கள். இங்கே குரோம் காட்டுகிற பிழைப் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில் இருக்கிற சின்ன எழுத்தை வாசியுங்கள். எல்லாரும் அந்த டைனோசரைப் பார்ப்பார்கள், அந்த எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. ‘டிஎன்எஸ்’ என்று தொடங்கினால் மேலே சொன்ன கதை. ‘ப்ராக்ஸி’ என்ற சொல் இருந்தால், உங்கள் உலாவி எல்லாவற்றையும் ஒரு இடைத்தரகர் வழியாக அனுப்பப் பார்க்கிறது, அந்தத் தரகர் இல்லை. இலவசமாக இறக்கிய ஏதாவது மென்பொருள் இதைக் கள்ளமாகப் போட்டுவிட்டுப் போயிருக்கும், அல்லது அலுவலகக் கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியிலேயே ப்ராக்ஸி என்று ஒன்று இருக்கிறது, அதில் ‘யூஸ் எ ப்ராக்ஸி சேர்வர்’ என்பதை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு அதுவாகவே திரும்ப ஏறிக்கொண்டால் கணினியில் வேண்டாத ஆள் ஒருவர் குடியிருக்கிறார், வைரஸ் தேடல் ஒன்றை ஓடவிட வேண்டும்.

விபிஎன் இன்னொன்று, உங்கள் இணையப் போக்குவரத்தை வேறெங்கோ இருக்கிற ஒரு கணினி வழியாகச் சுற்றி அனுப்புகிற மென்பொருள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்களை இலங்கை அரசு முடக்கியபோது ஊரில் பாதிப்பேர் ஏதோ ஒரு இலவச விபிஎன்னை இறக்கிக்கொண்டார்கள். தடை அன்றைக்கே நீங்கிவிட்டது, விபிஎன் மட்டும் இன்னும் பல கணினிகளில் மூலையில் குந்திக்கொண்டிருக்கிறது. சில விபிஎன்களில் ‘கில் சுவிட்ச்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. தன்னால் இணைய முடியாவிட்டால் வேறு எதையும் வெளியே விடாது. பாதுகாப்புக்காக வைத்ததுதான், ஆனால் மறந்துபோன வீட்டில் அது நாய் கட்டிய படலை மாதிரி. முழுதாக நிறுத்துங்கள், தேவையில்லை என்றால் அகற்றிவிடுங்கள். காசு கட்டாமல் காலாவதியான சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் இதே வேலையைச் செய்யும்.

எனக்குப் பிடித்த பிழை மணிக்கூடு. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம், பக்கத்து வீட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல’ என்று சிவப்பு எச்சரிக்கை. யாரோ தன் கணினிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பயந்துபோய் வயரைக் கழற்றி வைத்திருந்தார். கீழே வலது மூலையைப் பார்த்தேன், அவருடைய கணினி 2010 ஜனவரியில் வாழ்ந்துகொண்டிருந்தது. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழை நீட்டும், அதில் இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை செல்லும் என்று இருக்கும், அப்போது அதிகம் போனால் ஒரு வருடம் சொச்சம். 2010இல் நிற்கிற கணினிக்கு அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை, ஆகவே போலி. மின்சாரம் இல்லாத நேரத்தில் மணிக்கூட்டை ஓடவைக்க கணினியின் உள்ளே சிஆர்2032 என்று 3 வோல்ட் சில்லறைக் காசளவு பட்டறி ஒன்று இருக்கிறது, அது செத்துவிட்டது. திகதியைத் திருத்தினோம், பக்கங்கள் திறந்தன, அடுத்த நாள் கடையில் பட்டறி வாங்கி மாற்றினார். அதற்குப் பிறகு எங்கே என்னைக் கண்டாலும் முதலில் தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

முன்னர் சொன்னேனே, ஒரே கொப்பியில் எல்லார் விலாசமும் எழுதி வைத்த காலம் என்று. அந்தக் கொப்பியின் மிச்சம் இன்றும் ஒவ்வொரு விண்டோஸ் கணினிக்குள்ளும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் கிடக்கிறது. கணினி யாரையும் விசாரிக்க முதல் அதைத்தான் புரட்டிப் பார்க்கும். ஒன்றிரண்டு குறிப்பிட்ட தளங்கள் மட்டும் பிடிவாதமாகத் திறக்காமல், வேறு சாதனங்களில் அவை திறந்தால், அந்தக் கோப்பில் யாரோ எதையோ எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். களவு மென்பொருள் ஏற்றுகிறவர்கள் வழமையாகச் செய்கிற வேலை அது. நோட்பேடை நிர்வாகியாகத் திறந்து, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று போனால் அகப்படும். ஹாஷ் குறியோடு தொடங்குகிற வரிகள் வெறும் குறிப்புகள், அவை இருக்கட்டும். அது இல்லாமல் தொடங்கி, நீங்கள் திறக்கமுடியாத தளத்தின் பெயர் இருக்கிற வரிதான் ஆள்.

கணினி வீட்டை விட்டு வெளியே போயிருந்தால் ஒரு சின்ன விஷயம். நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வைபை இணைந்தும் ஒன்றும் திறக்கவில்லை என்றால், அங்கே முதலில் ஒரு வரவேற்புப் பக்கத்தில் அறை இலக்கமோ கடவுச்சொல்லோ கேட்கும் ஏற்பாடு இருக்கலாம், அந்தப் பக்கம் எழும்பாமல் சிக்கியிருக்கும். நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் (என், ஈ, வி, ஈ, ஆர், எஸ், எஸ், எல்) என்ற தளத்தை அடித்துப் பாருங்கள், இதற்கென்றே செய்த தளம், வரவேற்புப் பக்கத்தை இழுத்துக்கொண்டு வரும்.

விண்டோஸின் மூலையில் தெரிகிற உருண்டை அடையாளத்தை, ‘இணையம் இல்லை’ என்று சொல்கிறதே, அதை முழுக்க நம்பாதீர்கள். அது மைக்ரோசாப்டின் ஒரு முகவரிக்குப் போய் ஒரு சின்ன எழுத்துக் கோப்பை எடுத்துப் பார்க்கிறது. அந்தக் கோப்பில் ‘மைக்ரோசாப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்று ஒரே ஒரு வரி. வந்தால் இணையம் உண்டு, வராவிட்டால் இல்லை என்று முடிவு. அந்த ஒரு கோப்பு மட்டும் தடைப்பட்டால் இணையம் இருந்தும் இல்லை என்று சொல்லும், விபிஎன் குழப்பங்களில் இதை அடிக்கடி காணலாம்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை, போனில் வேலை செய்கிறது, கணினியில் மட்டும் இல்லை என்றால், செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியின் அடியில் ‘நெட்வொர்க் ரீசெட்’ என்று ஒன்று இருக்கிறது. வலையமைப்புச் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் பூட்டும், கணினி ஒரு தரம் நின்று எழும்பும். வைபை கடவுச்சொற்கள் அழிந்துபோகும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில கடைகளில் இந்த நிலையில் விண்டோஸையே அழித்துப் போடச் சொல்வார்கள். ரீசெட் செய்து பார்க்காமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள், உங்கள் படங்களும் கோப்புகளும் போகிற வேலை அது.

எந்தச் சாதனத்திலும் 8.8.8.8 பதில் சொல்லவில்லை, ரவுட்டர் மட்டும் பதில் சொல்கிறது என்றால் நிறுவனத்துக்கு அழையுங்கள். ‘நெட் இல்லை’ என்று தொடங்கினால் ரவுட்டரை நிறுத்திப் போடுங்கோ என்பார்கள், நிறுத்திப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தால் வேறொரு ஆள் அதையே சொல்வார். எனக்கு ஒரு தரம் மூன்று ஆட்கள் சொன்னார்கள். ‘ரவுட்டரை நிறுத்திப் போட்டுவிட்டேன், லாஸ் விளக்கு சிவப்பு, ரவுட்டருக்குப் பிங் போகுது, 8.8.8.8க்குப் போகுதில்லை, இரண்டு போனிலும் இதே நிலை’ என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். மறுமுனையில் ஒரு வினாடி சத்தம் இருக்காது. பிறகு முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தருவார்கள், அதைக் கலண்டரில் அன்றைய திகதிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.